செவத்தியானின் வன்மத்தில் ஓடிய எந்திரம்

செம்மணல் மேடுகளாய் விரிந்த தேரிக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, பல்கலைக்கழகத்துக்குள்ளே ஒரு எந்திரம் இருந்தது, எந்திரத்துக்கு யானைப்பசி இருந்தது, அந்தப் பசிக்குப் போடக் கரண்டுதான் இல்லை. கடலுக்கு அப்பால், வருசத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு தேசத்துப் பல்கலைக்கழகமும் இந்தத் தேரிக்கரைப் பல்கலைக்கழகமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ பிடித்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற ஒரு செயற்கை அறிவைக் குறைந்த மின்சாரத்தில், பொய் பேசாதபடி செய்துகாட்டுவது என்று கையெழுத்து வைத்திருந்தன. இரண்டும் நடக்கவில்லை. எந்திரம் ஓடினால் விடுதியில் மாவாட்ட முடியாது, மாவாட்டினால் எந்திரம் ஓடாது. பொய்யோ, வாயைத் திறந்தால் பொய். ஊருக்குத் தெற்கே ஆறு ஓடுகிறது என்றது. தெற்கே ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. பதிவாளர் யாரென்று கேட்டால், செத்துப்போன பதிவாளரின் பெயரைச் சொல்லி, அவர் நலமாக இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னது.

அப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்தக் கட்டடத்தில் ஒயர் மாற்றுவதற்காக, மின்பகுதியில் இருபத்தெட்டு வருசமாகத் தினக்கூலியாகவே இருக்கிற செவத்தியான் மெயின் போர்டைத் திறந்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, எந்திரம் இருந்த அறைக்குள் வந்தான். விசிறி நின்றிருந்தது. விளக்கு அணைந்திருந்தது. ஏசி சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. எந்திரம் மட்டும் பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, இன்னும் கரண்டை எடுக்கலியா?” என்று கேட்டாள் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பெண், டாக்டர் பட்டம் வாங்கியவள், ஆராய்ச்சியில் அளக்கிற வேலையெல்லாம் அவள் பொறுப்பு.

“எடுத்து அஞ்சு நிமிசம் ஆச்சு. கட்டை மூணும் இந்தா கிடக்கு,” என்று பையைத் தட்டிக் காட்டினான்.

“பேட்டரியில ஓடுதோ?”

“பேட்டரியை நேத்தே கழத்தியாச்சே, தாயி.”

செண்பகவல்லி குனிந்து எந்திரத்தின் பிளக்கையும் உருவிப் பார்த்தாள். பச்சை விளக்கு இமைக்கவில்லை. அவள் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். செவத்தியான் வெற்றிலை துப்ப வெளியே போனான், எந்திரம் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான், ஓடியது.

“அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய போங்க.” போனான், நின்றது. “உள்ள வாங்க.” வந்தான், ஓடியது. மறுபடி போகச் சொன்னாள்.

“ஏம்மா, நான் என்ன பம்புசெட்டுச் சுவிச்சா?”

“கோவிச்சுக்காதீங்க. இப்ப மனசுல என்ன நினைச்சிட்டு இருக்கீங்க?”

“சொன்னாச் சிரிப்பிய.”

“சிரிக்க மாட்டேன்.”

“பதினொரு வருசத்துக்கு முன்னால, ஈஸ்டருக்கு மறுநாள், விடுதி மெஸ்ல அந்த மேனேஜரு எல்லாருக்கும் கறி போட்டான். எனக்கு மட்டும் மேலாக்கக் கோதிக் குழம்பை ஊத்தினான். கறி அடியில கிடக்குன்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத்தான் நினைச்சேன்.”

அவன் சொல்லச் சொல்லப் பச்சை விளக்கு பிரகாசமாகி, சுவரில் அவன் நிழல் விழுந்தது. செண்பகவல்லி எந்திரத்திடம் தெற்கே ஆறு உண்டா என்று கேட்டாள். “கிடையாது. போன மாதம் பதினாலாம் தேதி நான் சொன்னது பொய்,” என்றது அது. நாளைக்கு மழை வருமா என்று கேட்டாள். “எனக்குத் தெரியாது,” என்றது. வன்மத்தில் ஓடுகிற எதுவும் தேதியை மறக்காது, நடந்ததை மாற்றாது, நடக்காததைச் சொல்லாது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. எனக்குத் தெரியாது என்ற அந்த இரண்டு சொல்லையும் மொழிபெயர்த்துச் சொன்னபோது, பனி தேசத்துப் பேராசிரியர் திரையில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். பதினைந்து வருசமாக உலகத்தில் ஒரு எந்திரமும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லையாம்.

செவத்தியான் எட்டாவது பெயில். மற்றவர்கள் ஆடு வளர்ப்பதுபோல அவன் வன்மம் வளர்த்தான். பங்குச்சாமியார் திருப்பலியில் தன் பெயரை விட்டுவிட்டு வாசித்தது, தம்பியின் மாமனார் கல்யாணப் பந்தியில் இலையை எடுத்துத் தள்ளிப் போட்டது, வேலியை ஒரு முழம் நகர்த்தி நட்ட பக்கத்து வீட்டுக்காரன், சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்ப் பெல்லைக் கழற்றிக்கொண்டு திருப்பித் தந்தவன் என்று எல்லாம் பெருகிக் கிடந்தன, ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூட மெலியவில்லை. ஆனால் அவையெல்லாம் குட்டிகள். தாய் ஒன்று இருந்தது. அதன் பெயர் அருளப்பன்.

அருளப்பன் அவனுடைய தங்கை மரியபுஷ்பத்தின் புருசன், அவனோடு அதே மின்பகுதியில் வேலை பார்த்தவன். கம்பத்தில் ஒருவன் ஏறினால், கீழே இருப்பவன் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஏறியவன் இறங்கி, தன் காலால் நடந்து வந்து, ஆள் இறங்கியாயிற்று என்பதற்கு லைன் கிளியர் நோட்டில் கையெழுத்துப் போட்டுத் தன் கையை நீட்டினால்தான் கட்டை அந்தக் கையில் போய் விழும். கடவுளே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அதுதான் அந்த வேலையின் ஒரே சட்டம். பதினேழு வருசத்துக்கு முன்னால், பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தை அமைச்சர் திறந்துவைத்த அன்று, அருளப்பன் கம்பத்தில் இருக்கும்போதே கரண்டு வந்தது. கட்டையை மாட்டியவர் விழா ஏற்பாட்டைக் கவனித்த நல்லபெருமாள். பதிவேட்டில் எழுதியது, ‘இறந்தவரின் கவனக்குறைவு’ என்று. கவனக்குறைவால் செத்தவன் பெண்சாதிக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மரியபுஷ்பம் வாசலுக்கு எதிரே வடைக்கடை போட்டாள்.

செவத்தியான் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கேட்டவர்கள், “ஆமாமா, பாவம்” என்பார்கள், நகர்ந்த பிறகு, “வன்மம் பிடிச்சவன் சொல்லுத கதை” என்பார்கள். அன்றைக்குக் கீழே நின்ற அவன் பையில் இருந்த கட்டை நல்லபெருமாள் கைக்கு எப்படிப் போனது என்று யாராவது கேட்டுவிட்டால், “அவருக்கா வேற கட்டை கிடைக்காது?” என்று துப்பிவிட்டு எழுந்து போய்விடுவான். அந்த நல்லபெருமாள் இப்போது பேராசிரியர். எந்திர ஆராய்ச்சிக்குத் தலைவரே அவர்தான்.

விசயம் ஊருக்குள் பரவியபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. வெயிலில் ஓடுகிறது, காற்றில் ஓடுகிறது, சாணியில்கூட அடுப்பு எரிகிறது, வன்மத்தில் ஓடினால் என்ன என்று சொன்னார்கள். மின்வாரியத்து ஆட்கள் மட்டும் ஜீப்பில் வந்து, மீட்டர் சைபர் காட்டுகிறதே, எங்கேயோ கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று மொட்டைமாடி வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் ஆளுக்கு இரண்டு வடை தின்றுவிட்டுப் போனார்கள். பல்கலைக்கழகம் அதற்கொரு படிவம் அச்சடித்தது. வன்மம் என்ற சொல் ஆட்சிமன்றத்துக்குப் பிடிக்காததால் ‘நீடித்த மனத்தாங்கல்’ என்று போட்டார்கள். குறைந்தது பத்து வருசம் ஆகியிருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும், மனத்தாங்கலுக்குக் காரணமானவர் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் நாலைந்து பேர் புதிதாக அடிபட்டு, அதுவும் மனத்தாங்கலாகி, பத்து வருசம் கழித்து வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஆனாலும் சனம் வந்தது. மருமகள்கள் மாமியாரைக் கூட்டிவந்து வரிசையில் உட்காரவைத்தார்கள், மாமியார்கள் மருமகளைக் கூட்டிவந்தார்கள், பாகப்பிரிவினைக்காரர்கள் வக்கீலோடு வந்தார்கள். பன்னிரண்டு வருசத்து வரப்புத் தகராறு நாற்பது நிமிடம் ஓட்டியது. பெண் பார்த்துவிட்டுக் கருப்பென்று சொல்லிப் போனவனின் மேல் ஒரு டீச்சர் வைத்திருந்தது ஒரு பகல் முழுக்க ஓட்டியது. இரண்டு கட்சிக்காரர்கள் மேடையில் ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிப்பவர்கள், பெருந்தன்மையாக வந்து உட்கார்ந்தார்கள்; விளக்கு ஒரு மினுக்குக்கூட மினுக்கவில்லை. உட்கார்ந்து எழுந்தவர்கள் காற்றுப்போல லேசாக, பசியோடு, வெளியே வந்து, எதிரே வடைக்கடையில், தலைமுறைக்கும் முகத்தில் விழிக்காத ஆளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். ஊரில் கோர்ட்டு வழக்குக் குறைந்தது, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போலீஸ் வர வேண்டியிருக்கவில்லை. நல்லது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மரியபுஷ்பம் மட்டும் சொல்லவில்லை.

“அண்ணே, போன வாரம் அந்தோணிக்கண்ணு வந்தான்,” என்றாள் ஒருநாள், மாவை வழித்துக்கொண்டே. “வேலியை அவன் நகத்தினது நெசந்தான்னு அவன் வாயாலயே சொல்லுதான். இடத்தைப் பறிகுடுத்தவனோ, எந்திரத்துக்கிட்ட உக்காந்து எந்திரிச்சவன், ‘எந்த வேலி?’ன்னு கேக்கான். அந்தோணிக்கண்ணு எடுத்த இடத்தைத் திருப்பிக் குடுத்தானான்னு கேளு. குடுக்கல. கோவம் போச்சு, இடமும் போச்சு. யாருக்கு லாபம்?”

“எனக்குத் தெரியாதா புஷ்பம்? நான் கணக்கா இருக்கேன். குட்டிகளைத்தான் போடுதேன். தாயைத் தொடல.”

“உன்னை எவன் போய் உக்காரச் சொன்னான்? அதும் அந்த ஆளு ஆராய்ச்சிக்கு?”

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “விழா வருதுல்லா. வெளிநாட்டுக்காரன் வருவான், துணைவேந்தர் வருவாரு, பத்திரிகைக்காரன் வருவான். அன்னைக்கு எந்திரத்துக்கிட்ட யாரும் எதையும் கேக்கலாமாம். நான் கேப்பேன், அருளப்பன் எப்படிச் செத்தான்னு. நான் சொன்னா வன்மம்னு சொல்லுவான். எந்திரம் சொன்னா அறிவியல்னு சொல்லுவான். அது பொய் சொல்லாதுன்னு அந்த நல்லபெருமாளே மேடையில நின்னு சொல்லுவாரு, பாத்துக்க. அவரு சொல்லி முடிச்ச உடனே, என் வன்மத்துல ஓடுத எந்திரம் எனக்குள்ள கிடக்கதை அப்படியே பதிலாச் சொல்லும்.”

மரியபுஷ்பம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனையே பார்த்தாள். பதினேழு வருசத்தில் முதல் தடவையாக, அவன் கேட்காமலே அவள் இரண்டாவது வடையை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்றும் அவன் விசாரித்து வைத்திருந்தான். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. விழாவில் எந்திரம் சொல்கிற ஒவ்வொரு பதிலையும், அந்த விசயத்தை நேரடியாக அறிந்த ஒரு மனிதர் சரிபார்த்து, சரி என்றோ தவறு என்றோ படிவத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே ஒரு தவறு விழுந்தாலும் அடுத்த கட்ட ஒப்பந்தம் கிடையாது, புதுக்கட்டடம் கிடையாது, நல்லபெருமாளுக்குப் பனி தேசத்துப் பயணம் கிடையாது. “ரெண்டு பக்கமும் கரண்டு,” என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தான் செவத்தியான். “எதைத் தொட்டாலும் அடிக்கும்.”

விழா மாசி இருபதென்று குறித்திருந்தார்கள். பனி தேசத்துக்காரர்களுக்கு விசா கிடைக்காமல் பங்குனிக்குப் போனது. பங்குனியில் துணைவேந்தருக்கு நாள் சரியில்லை, சித்திரைக்குப் போனது. எந்திரமோ ஒருநாளும் நிற்கக் கூடாது, நின்றால் இத்தனை நாள் அளந்தது வீண் என்றாள் செண்பகவல்லி. ஊர் வன்மமெல்லாம் அதற்குள் தீர்ந்துபோய், கொண்டுவருகிறவர்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் ஓட்டத் திராணியில்லாத, நேற்றைக்கு முளைத்த சில்லறைச் சண்டைகளைக் கொண்டுவந்தார்கள். செவத்தியான் பங்குச்சாமியாரைப் போட்டான், தம்பியின் மாமனாரைப் போட்டான், சைக்கிள் பெல்லைப் போட்டான், மெஸ் மேனேஜரைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே வந்து, எதிரே வந்த மேனேஜரைப் பார்த்து வணக்கம் சொன்னான்; அந்த மனிதர் பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினார். பங்குனிக் கடைசியில் ஒருநாள் காலை, போடுவதற்குக் குட்டி ஒன்றும் இல்லாமல், நாற்காலியில் சும்மா உட்கார்ந்தான். விளக்கு எரிந்தது. எது எரிகிறது என்று அவன் யோசித்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் கடைக்கு வந்தவன், “ஏ புஷ்பம், அன்னைக்கு நல்லபெருமாள் என்ன சட்டை போட்டிருந்தாரு?” என்று கேட்டான்.

“ஊதாக்கோடு போட்ட அரைக்கைச் சட்டை. நீதான தினம் சொல்லுவ?”

“ஆமா. ஊதா.” போய்விட்டான். இரண்டு நாள் கழித்து எத்தனை மணி என்று கேட்டான். அதற்கப்புறம் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினான், கன்னத்தில் சதை விழுந்தது, ஒருநாள் கோயில் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். மரியபுஷ்பம் அடுப்பைத் தணித்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, அங்க போகாதண்ணே. உனக்கு என்னமோ குறையுது.”

“என்ன குறையுது? மூணு இட்லி தின்னவன் ஆறு இட்லி திங்கேன்.”

அவள் மாவுக் கையோடு வாசலைத் தாண்டிப் போய்ச் செண்பகவல்லியிடமே சொன்னாள், “அம்மா, எங்க அண்ணனை விட்டுருங்க.” செண்பகவல்லி நல்ல பெண். கண்கலங்கினாள். “பன்னெண்டு நாள்தான் அக்கா, விழா முடிஞ்சதும் விட்டுருவோம்,” என்றாள். நல்ல பெண்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

விழா வந்தது. பதினேழு வருசத்துக்கு முன்னால் அமைச்சர் திறந்துவைத்த அதே மண்டபம். மேடையில் எந்திரம், பக்கத்தில் ஒரு குஷன் நாற்காலி, நாற்காலியில் புதுச்சட்டையோடு செவத்தியான். நல்லபெருமாள் மைக்கைப் பிடித்து, இது மின்சாரம் தின்னாது, பொய் சொல்லாது என்று முழங்கினார்; எல்லாரும் பார்க்கத் தன் கையாலேயே போர்டில் இருந்து மூன்று பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, தூக்கிக் காட்டி, தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். விசிறி நின்று, விளக்கு அணைந்து, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எந்திரம் மங்கலாக எரிந்தது. கை தட்டினார்கள். துணைவேந்தர் ஒரு கேள்வி கேட்டார், பனி தேசத்துப் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார், பதில் வந்தது, தெரிந்தவர்கள் சரி என்று குறித்தார்கள்.

செண்பகவல்லி மைக்கைச் செவத்தியானிடம் நீட்டினாள். “அண்ணாச்சி, நீங்க ஒண்ணு கேக்கணும்னு சொன்னீங்கள்ல?”

செவத்தியான் மைக்கை வாங்கினான். கூரையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், நாலாவது வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறந்து மூடினான். எதையோ கொண்டுவந்து எங்கேயோ வைத்துவிட்டவன்போலப் பையைத் தடவினான். கடைசியில், “எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டான்.

கூட்டம் சிரித்தது. “எனக்குத் தெரியாது,” என்றது எந்திரம். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் மரியபுஷ்பம் எழுந்துவிட்டாள். வடை சுட்டுச் சுட்டுத் தழும்பேறிய கையை நீட்டி, மைக் இல்லாமலே, சந்தையில் கூப்பிடுகிற குரலில் கேட்டாள்: “எங்க வீட்டுக்காரரு அருளப்பன் எப்படிச் செத்தாரு? சொல்லு!”

எந்திரம் சொன்னது. ஆடி மாதம் இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அருளப்பன் இந்த மண்டபத்துக்குப் பின்னால் உள்ள கம்பத்தில் இருந்தார் என்றும், லைன் கிளியர் நோட்டில் அவர் கையெழுத்து இன்னும் விழுந்திருக்கவில்லை என்றும், அமைச்சரின் கார் வளைவைத் தாண்டிவிட்டது என்று பதறிக்கொண்டு, ஊதாக்கோடு போட்ட அரைக்கைச் சட்டையில் போர்டு அறைக்கு ஓடிவந்த நல்லபெருமாள், ‘அவன் இறங்கிட்டான், நான் பார்த்தேன், கட்டையைக் கொடு’ என்று கேட்டார் என்றும், அவர் பார்க்கவில்லை என்றும், ஜன்னல் எட்டடி தூரத்தில் இருந்தது, செவத்தியான் எட்டிப் பார்த்திருக்கலாம், அவனும் பார்க்கவில்லை என்றும், பையின் பொத்தானைக் கழற்றி மூன்று கட்டைகளையும் எடுத்து நல்லபெருமாள் கையில் கொடுத்தான் என்றும், கொடுக்கும்போது ‘சரிங்க சார்’ என்று சொன்னான் என்றும், நான்கு பதினொன்றுக்கு மேடையில் விளக்கெல்லாம் எரிந்து எல்லாரும் கை தட்டினார்கள் என்றும், கை தட்டின சத்தத்தில் கம்பத்தில் இருந்து வந்த சத்தம் கேட்கவில்லை என்றும், ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல், குரல் ஏறாமல் இறங்காமல் சொல்லி முடித்தது.

மரியபுஷ்பம் நின்றபடியே நின்றாள். அவள் கண் நல்லபெருமாளிடம் போகவில்லை. அண்ணனிடம் போனது. செவத்தியான் யாரோ ஒரு பாவப்பட்ட குடும்பத்தின் கதையைக் கேட்டவன்போலத் தலையை ஆட்டி, உச்சுக்கொட்டினான்.

செண்பகவல்லி படிவத்தை எடுத்துக்கொண்டு நல்லபெருமாளிடம் போனாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள். “சார்... நேரடியா அறிந்தவர் குறிக்கணும். சரியா, தவறா?”

நல்லபெருமாள் படிவத்தைப் பார்த்தார். துணைவேந்தரைப் பார்த்தார். பனி தேசத்துப் பேராசிரியர், காதில் மாட்டிய மொழிபெயர்ப்பைக் கேட்டு முடித்து, பேனா எங்கே போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லபெருமாளின் நெற்றியில் வேர்வை பொட்டுப்பொட்டாக அரும்பியது. பிறகு அவர் குனிந்து, சரி என்ற கட்டத்தில் தெளிவாக ஒரு குறி போட்டு, தேதியோடு கையெழுத்து வைத்தார்.

பனி தேசத்துப் பேராசிரியர்தான் முதலில் எழுந்து கை தட்டினார். துணைவேந்தர் எழுந்தார், மண்டபம் எழுந்தது. பதினேழு வருசத்துக்கு முந்தைய சம்பவம், நிமிடம்கூடத் தவறவில்லை, சட்டைக் கோட்டின் நிறம் உட்பட! அன்றைக்கு நான்கு பதினொன்றுக்குத் தட்டிய அளவுக்குக் குறையாமல் தட்டினார்கள். செவத்தியானும் தட்டினான். எழுந்து போய் நல்லபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருக்கியளா சார்? இப்படி வேர்த்து ஊத்துதே, ஒரு டீ சொல்லட்டா?” என்று கேட்டான். அந்த நிமிடம் எந்திரம் அணைந்தது.

அணைந்து, ஒருதரம் மினுங்கி, மறுபடி எரிந்தது. செவத்தியானின் வன்மம் எரிந்த காலத்தில் எரியாத வெள்ளை வெளிச்சத்தில் எரிந்தது. செண்பகவல்லி அளவுமானியைப் பார்த்தாள், நாலாவது வரிசையைப் பார்த்தாள். எல்லார் தலையும் திரும்பியது. நல்லபெருமாள் பதவிசாகப் படியிறங்கி வந்து, குஷன் நாற்காலியைக் காட்டிக் கைகூப்பினார். “அம்மா, இப்படி வந்து உக்காருங்க. நிரந்தர வேலையாவே போட்டுத் தாரோம்.”

“அது எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் மரியபுஷ்பம். “ஒரு பொட்டுத் தர மாட்டேன். அதுலயும் மாவாட்டிருவிய நீங்க.” சேலையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் ஒவ்வொரு அடி வைக்கவும் எந்திரம் ஒவ்வொரு படி மங்கியது. வாசலைத் தாண்டியதும் மண்டபம் இருண்டது. அப்புறம் நல்லபெருமாள்தான் கோட்டுப் பையில் இருந்து கட்டைகளை எடுத்து மாட்ட வேண்டியிருந்தது.

அவர் கையெழுத்துப் போட்ட படிவம் அறிக்கையில் நான்காவது அட்டவணையாக அச்சாகி இரண்டு தேசத்திலும் வந்தது. அதை வைத்துக்கொண்டு மரியபுஷ்பம் அலுவலகத்தில் ஏறி இறங்கினாள். எந்திரம் சரியாகச் சொன்னது என்பதற்குத்தான் இது சான்று, நடந்தது என்ன என்பதற்குச் சான்று இல்லை, மின்பகுதிப் பதிவேட்டைத் திருத்த ஒப்பந்தத்தில் இடம் கிடையாது என்று பதில் வந்தது. ‘இறந்தவரின் கவனக்குறைவு’ இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நல்லபெருமாள் பனி தேசத்துக்குப் போய் வந்தார். புதுக்கட்டடம் வந்தது, அதைப் பல்கலைக்கழகத்தின் நானூறு ஏக்கரில் வேறெங்கும் கட்டாமல், வாசலுக்கு நேரே, வடைக்கடையின் எதிர்ச்சுவரை ஒட்டிக் கட்டினார்கள். எந்திரத்தை அங்கே கொண்டுவந்து வைத்த மறுநாள், சுவருக்கு அந்தப்பக்கம் ஜன்னலில் லேசாக வெள்ளை வெளிச்சம் தெரிந்ததைப் பார்த்தவள், அன்றைக்கே அடுப்பையும் பெஞ்சையும் தட்டுவண்டியில் ஏற்றினாள். அதிலிருந்து ஒரு வாரம் பஸ் நிறுத்தம், ஒரு வாரம் ரேசன் கடை, ஒரு வாரம் தேரி விளிம்பு என்று அவள் கடை மாறிக்கொண்டே இருக்கிறது. பல்கலைக்கழக ஆட்கள் ஒயர்ச்சுருளோடு விசாரித்துக்கொண்டு திரிகிறார்கள்.

எந்த இடத்தில் போட்டாலும் செவத்தியான் கண்டுபிடித்து வந்துவிடுகிறான். அவள் அவனோடு பேசுவதில்லை. வடையைக் காகிதத்தில் வைத்துப் பெஞ்சில் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் தினமும் காலையில், எண்ணெய் காய்ந்ததும், ஏதாவது குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக, தனக்குத்தானே முதலில் இருந்து கடைசிவரை ஒருதரம் சொல்லிக்கொள்வாள்: ஆடி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, நாலு பத்து, ஊதாக்கோட்டுச் சட்டை, எட்டடியில் ஜன்னல், சரிங்க சார். ஒரு பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்வாள்.

செவத்தியான் அதைத் தினமும் புதுக்கதையாகக் கேட்பான். ஜன்னல் வரும்போது அவனுக்குக் கண் நிறையும். வடையைப் பாதி கடித்தபடி கையில் வைத்துக்கொண்டு, கோபம் என்பது எப்படி இருக்கும் என்று தேடிப்பார்க்கிறவன்போல நெற்றியைச் சுருக்கிக் கேட்பான்:

“கட்டையை எடுத்துக் குடுத்தானே, அந்தப் பாவி யாரும்மா? அவனைச் சும்மாவா விட்டாவ?”

மரியபுஷ்பம் அடுத்த வடையைத் தட்டி எண்ணெயில் போடுவாள்.